ஹூடாக்: ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்தின் இலவசத் தீர்ப்புத் தளம், ஒரு வக்கீலின் ரிவ்யூ

வக்கீல் தொழிலில் இருப்பவர்கள் தீர்ப்புகளைப் படிக்கவே சந்தா கட்டிப் பழகியவர்கள். ஜூனியராக இருந்த காலத்தில் சீனியரின் லாகினைக் கேட்டு வாங்கி, அவர் கோர்ட்டுக்குக் கிளம்பிய பிறகு அவசர அவசரமாக நான்கு தீர்ப்புகளை இறக்கி வைத்துக்கொண்ட அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அதனால் ஒரு சர்வதேச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை முழுதாக, பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நீதிபதிகள் எழுதிய மாறுபட்ட தீர்ப்புகளோடு சேர்த்து, காசு வாங்காமல், பெயர்கூடக் கேட்காமல் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. அந்தத் தளத்தின் பெயர்தான் ஹூடாக். ரிட் மனுவில் மேற்கோள் காட்ட ஒன்றிரண்டு வெளிநாட்டுத் தீர்ப்பு கிடைக்குமா என்று பார்க்கத்தான் முதலில் உள்ளே போனேன். இப்போது கையில் வழக்கு எதுவும் இல்லாத மாலைகளிலும் அதைத் திறந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

பலருக்குக் குழப்பம் இருக்கிறது என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் இல்லை. அது லக்சம்பர்க்கில் இருக்கிறது. இது பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1959இல் அமைந்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 1950இல் ரோமில் கையெழுத்தான மனித உரிமை உடன்படிக்கையை எந்த நாடாவது மீறினால், பாதிக்கப்பட்டவர் அந்த நாட்டின் மேலேயே இங்கே வழக்குப் போடலாம். 2022இல் ஐரோப்பிய கவுன்சில் அமைப்பிலிருந்து ரஷ்யாவை வெளியேற்றிய பிறகு 46 நாடுகள் இதற்குக் கட்டுப்பட்டவை, நாட்டுக்கு ஒருவர் என்று 46 நீதிபதிகள்.

தளத்தைப் பற்றி. தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் வடிகட்டிகள் இருக்கின்றன: எந்த நாடு, எந்தப் பிரிவு, மீறல் உண்டு என்றார்களா இல்லை என்றார்களா, வழக்கு எவ்வளவு முக்கியமானது. இந்தக் கடைசி வடிகட்டி அருமையானது. நீதிமன்றமே தன் வழக்குகளைத் தரம் பிரித்து, முக்கிய வழக்குகள் என்று ஒரு தொகுப்பும் அதற்குக் கீழே 1, 2, 3 என்ற படிகளும் வைத்திருக்கிறது. ஒரே மாதிரியான நூறு வழக்குகளில் எதைப் படித்தால் போதும் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தீர்ப்பில் பத்திகளுக்கு எண் போட்டிருப்பதால் மேற்கோள் காட்டுவதும் சுலபம். ஒரு எச்சரிக்கை: தளத்தைத் திறந்தவுடன் 17 நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வும் 7 பேர் கொண்ட அமர்வும் சொன்ன தீர்ப்புகள்தான் தேர்வாகியிருக்கும். 3 பேர் குழுவின் தீர்ப்புகளும், விசாரணைக்கே ஏற்காமல் தள்ளுபடி செய்த முடிவுகளும் வேண்டுமென்றால் நாம்தான் டிக் அடிக்க வேண்டும். இது தெரியாமல் “இந்த விஷயத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் ஒன்றும் சொல்லவில்லை” என்று எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இவ்வளவும் வசதிகள்தான். நான் இந்தத் தளத்தை எல்லோரிடமும் சிபாரிசு செய்வதற்குக் காரணம் வேறு. உடன்படிக்கையில் இருப்பது ரொம்பச் சின்னச் சின்ன வாக்கியங்கள். 3ஆம் பிரிவை எடுத்தால், யாரையும் சித்திரவதை செய்யக்கூடாது, மனிதத்தன்மையற்ற முறையிலோ இழிவுபடுத்தும் முறையிலோ நடத்தக்கூடாது, தண்டிக்கக்கூடாது. அவ்வளவுதான், மொத்தப் பிரிவும் ஒரே வாக்கியம். இந்த ஒரு வாக்கியத்திலிருந்து எழுபது வருடத்தில் எவ்வளவு பாதுகாப்பு விளைந்திருக்கிறது, எந்த வழக்கில் எந்தப் பத்தியில் அது ஒரு அடி முன்னே போனது, எங்கே தயங்கி நின்றது என்பதை ஹூடாக்கில் நம் கண்ணாலேயே பார்க்கலாம்.

1978ஆம் வருடத்து டைரர் வழக்கை முதலில் படியுங்கள். பிரிட்டனுக்கு உட்பட்ட ஐல் ஆஃப் மேன் தீவு, பதினைந்து வயதுப் பையன், பள்ளியில் இன்னொரு மாணவனை அடித்த குற்றம். சிறார் நீதிமன்றம் அவனுக்கு மூன்று பிரம்படி கொடுக்கச் சொல்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் அவன் கால்சட்டையையும் உள்ளாடையையும் இறக்கி மேஜை மேல் குனிய வைக்கிறார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் அடிக்கிறார். முதல் அடியிலேயே பிரம்பின் துண்டுகள் உடைந்து விழுகின்றன. டாக்டரும் பையனின் அப்பாவும் அங்கேயே நிற்கிறார்கள். மூன்றாவது அடி விழுந்ததும் அப்பா தாங்க முடியாமல் ஒரு போலீஸ்காரர் மேல் பாய்ந்துவிட, அவரைப் பிடித்து அடக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது. தீவு மக்களில் பெரும்பாலோருக்குப் பிரம்படி வேண்டும் என்பதுதான் விருப்பம், அதனால் இதில் இழிவு எதுவும் இல்லை என்று அரசுத் தரப்பில் வாதம். நீதிமன்றம் இரண்டு பதில் சொல்கிறது. ஒரு தண்டனையை ஊரே ஆதரிப்பதற்குக் காரணம் அதில் இருக்கும் இழிவாகவே இருக்கலாம் என்பது ஒன்று. 31ஆவது பத்தியில் வருவது இரண்டாவது: இந்த உடன்படிக்கை உயிருள்ள ஆவணம், இன்றைய நிலைமைகளின் வெளிச்சத்தில்தான் அதைப் படிக்க வேண்டும். அந்த நீதிமன்றத்தின் அத்தனை வளர்ச்சிக்கும் வேர் இந்தப் பத்தி. கீழே போனால் பிரிட்டிஷ் நீதிபதி ஃபிட்ஸ்மாரிஸ் தனியாக எழுதிய மாறுபட்ட தீர்ப்பு இருக்கிறது. தான் படித்த காலத்தில் மாணவர்களை அடிப்பது சகஜமாக இருந்தது, யாரும் அதை இழிவாக நினைக்கவில்லை என்று அவர் மனதில் பட்டதை எழுதியிருக்கிறார். அவர் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் ஆறு பேர் ஒரு பக்கம் நிற்கும்போது தன் கருத்தை அப்படித் திறந்து எழுதியதை மதிக்கிறேன்.

இதைவிட நல்ல பாடம் இங்கிலாந்துத் திருநர்கள் போட்ட வழக்குகளின் வரிசை. இவர்களுக்கு முக்கியமாக வேண்டியிருந்தது இது: பிறப்புச் சான்றிதழில் பாலினத்தை மாற்றித் தர வேண்டும். 1986இல் ரீஸ் என்ற திருநம்பி வருகிறார், 12க்கு 3 என்று தோற்கிறார். 1990இல் காஸி என்ற திருநங்கை, 10க்கு 8. 1998இல் ஷெஃபீல்டு, ஹார்ஷம் என்ற இருவர், 11க்கு 9. மூன்று முறையும் தோல்விதான். ஆனாலும் மூன்று தீர்ப்பையும் அடுத்தடுத்துப் படித்தால் நீதிமன்றம் சும்மா இல்லை என்று புரியும். காலம் மாறுகிறது, இந்த விஷயத்தைத் தொடர்ந்து பரிசீலனை செய்யுங்கள் என்று பிரிட்டனிடம் சொல்லிக்கொண்டே வருகிறது. 1998இல், சொல்லியும் நீங்கள் எதுவும் செய்யவில்லையே என்று குறையும் சொல்கிறது. அப்புறம் 2002இல் கிறிஸ்டின் குட்வின் என்ற திருநங்கை. பாலின மாற்று அறுவைச் சிகிச்சைக்கு அரசு மருத்துவத் துறையே செலவு செய்திருக்கிறது, ஆனால் அதே அரசின் ஓய்வூதியக் கணக்கில் அவர் ஆண். பெண்களுக்கு அப்போது 60 வயதில் கிடைத்த ஓய்வூதியம் அவருக்குக் கிடையாது. பிறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டிய இடத்துக்கெல்லாம் போகாமல், கிடைக்க வேண்டிய சலுகைகளை விட்டுக்கொடுத்து வாழ்ந்திருக்கிறார். முழுதாக இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்று ஒரு மனிதரை நடுவில் நிறுத்திவைக்கும் நிலை இனிமேல் நீடிக்க முடியாது என்று 17 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2004இல் பிரிட்டன் சட்டமே கொண்டுவந்தது. 2014இல் நம் உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் போட்ட நால்சா வழக்கில் திருநர் உரிமையை அங்கீகரித்தபோது குட்வின் தீர்ப்பையும் எடுத்துப் பேசியது. தனிவாழ்வையும் குடும்ப வாழ்வையும் மதிக்கச் சொல்லும் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவில் இந்தப் பதினாறு வருடத்தில் இதற்காக ஒரு எழுத்தும் மாறவில்லை. படித்த விதம்தான் மாறியது, அதற்காகத் தோற்பது தெரிந்தும் வழக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். தோற்ற வழக்குகளைச் சாதாரணமாக யாரும் படிப்பதில்லை. ஹூடாக் அவற்றையும் ஜெயித்த வழக்குகளுக்கு இணையாக வைத்திருப்பதால்தான் இந்தக் கதை முழுதாகக் கிடைக்கிறது.

1979 ஏரி வழக்கும் எனக்கு மிகவும் பிடித்தது. அயர்லாந்தின் கார்க் நகரத்துப் பெண், குடித்துவிட்டு அடிக்கும் கணவன், நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழ உத்தரவு வேண்டும். அதற்கு உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும், வக்கீல் வைக்கக் கையில் பணம் இல்லை, சிவில் வழக்குக்கு இலவசச் சட்ட உதவியும் அங்கே அப்போது கிடையாது. யார் தடுத்தார்கள், அவரே நேரில் வந்து வாதாடலாமே என்கிறது அரசு. உரிமை என்பது ஏட்டில் இருந்தால் போதாது, நடைமுறையில் கைக்கு எட்ட வேண்டும் என்று சொல்லி அரசின் வாதத்தை நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. அவருக்காக வாதாடிய மேரி ராபின்சன் பிறகு அயர்லாந்தின் ஜனாதிபதியானார். சட்ட உதவி ஆணையத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பைப் படித்திருக்க வேண்டும் என்பேன்.

அரசு தன் கையால் கொடுமை செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது, அடுத்தவர் செய்வதையும் தடுக்க வேண்டும் என்பதற்கு 2009 ஓபுஸ் வழக்கு. துருக்கியின் தியார்பக்கிரில் ஒரு பெண்ணும் அவர் தாயும் திரும்பத் திரும்பப் போலீஸிடம் போகிறார்கள். கத்தியால் ஏழு முறை குத்திய கணவனுக்குக் கிடைத்தது அபராதம், அதையும் தவணையில் கட்டலாம். கடைசியில் அவன் மாமியாரைச் சுட்டே கொன்றுவிட்டான். குடும்ப விவகாரம் என்று அதிகாரிகள் ஒதுங்கி நின்றதே பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று தீர்ப்பு.

தமிழர்கள் பெயரும் இந்தத் தளத்தில் இருக்கிறது. அகதி வழக்குகளில். 1991இல் வில்வராஜா வழக்கு: பிரிட்டன் ஐந்து ஈழத் தமிழர்களின் அகதிக் கோரிக்கையை நிராகரித்து 1988 பிப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. திரும்பிப் போனவர்களில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மனுதாரர்கள் அங்கே துன்புறுத்தப்பட்டார்கள் என்ற கூற்று தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அப்படியும் 7க்கு 2 என்ற கணக்கில் மீறல் இல்லை. இவர்களுக்கு மற்றத் தமிழர்களைவிடத் தனிப்பட்ட ஆபத்து இருந்தது என்று முன்கூட்டியே கணிக்கும்படி எந்த விசேஷ அடையாளமும் இல்லையாம். இந்த வரியைப் படித்துவிட்டு மேலே போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 2008இல் என்.ஏ. என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட ஒரு தமிழரின் வழக்கில் கணக்குப் போடும் முறையே வேறு. ராணுவம் பல முறை பிடித்துப்போய் விடுவித்திருக்கிறது, கைரேகை பதிவாகியிருக்கிறது, அப்பா கையெழுத்துப் போட்டு மீட்டிருக்கிறார், உடம்பில் தழும்பு இருக்கிறது, லண்டனிலிருந்து திரும்புகிறார். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சின்ன விஷயமாகத் தெரியலாம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கொழும்பு விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள் என்றது நீதிமன்றம். அனுப்பினால் 3ஆம் பிரிவு மீறல் என்று தீர்ப்பு. வழக்கு முடியும்வரை ஆளை அனுப்பாதே என்று நீதிமன்ற விதி 39இன் கீழ் போடும் தடை உத்தரவு, அந்தக் காலத்தில் இவரைப் போன்ற நூற்றுக்கணக்கான தமிழர்களைக் காப்பாற்றியிருக்கிறது. 2013இல் பிரான்ஸுக்கு எதிரான ஆர்.ஜே. வழக்கில் இன்னொரு படி: காயங்களைக் காட்டும் டாக்டர் சான்றிதழை மனுதாரர் கொடுத்திருக்கிறார், அதைப் பொய் என்று நிரூபிக்க வேண்டியது இனி அரசின் வேலை, சும்மா சந்தேகப்பட்டால் போதாது. இந்த மூன்று தீர்ப்புகளையும் படித்தால் 3ஆம் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகப் புரியும்.

ஆசியாவில் இப்படி ஒரு நீதிமன்றமே கிடையாது. அது இல்லாததால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கைத் தமிழர் சிங்கராசாவின் வழக்கு ஒன்று போதும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வாங்கிய வாக்குமூலத்தை வைத்து 35 வருடச் சிறை, ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் இது நியாயமற்ற விசாரணை என்றது. அதை எடுத்துக்கொண்டு அவர் திரும்ப வந்தபோது, அந்தக் குழுவிடம் முறையிட வழி செய்ததே அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது.

சரி, குறைகள். இதில் சிலது தளத்தின் குறை, சிலது நீதிமன்றத்தின் குறை, இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

முதல் குறை, வருகிற மனுக்களில் பெரும்பாலானவை விசாரணைக்கே எடுக்கப்படுவதில்லை. அதில் பெரும்பாலானவற்றை ஒரே நீதிபதி பார்த்துத் தள்ளுபடி செய்கிறார், மேல்முறையீடு கிடையாது, அந்த முடிவுகள் ஹூடாக்கில் வருவதும் இல்லை. தோற்ற வழக்குகளிலிருந்து இவ்வளவு கற்றுக்கொள்ளலாம் என்று மேலே சொன்னேனே, அந்த வாய்ப்பு இங்கே அடைபட்டுவிடுகிறது. எந்த மாதிரி மனு எதனால் வாசலிலேயே நின்றது என்று தெரிந்தால் அடுத்தவர் ஒழுங்காகப் போடுவார். பெயரை மறைத்துவிட்டு, காரணத்தை மட்டும் இரண்டு வரியில் போட்டால்கூடப் போதும்.

இரண்டாவது, தீர்ப்புக்குப் பிறகு என்ன ஆனது என்பது தீர்ப்புப் பக்கத்தில் தெரியாது. அமலாக்கத்தைக் கண்காணிப்பது ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு, அதற்கு ஹூடாக் எக்ஸெக் என்று தனித் தளம். 2019 டிசம்பரில் துருக்கியின் சமூகச் செயற்பாட்டாளர் ஒஸ்மான் கவாலாவை வாயடைக்கத்தான் சிறையில் வைத்திருக்கிறார்கள், உடனே விடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. விடவில்லை. 2022 ஏப்ரலில் அவருக்கு ஆயுள் தண்டனை, அதே வருடம் ஜூலையில் துருக்கி எங்கள் தீர்ப்பை மதிக்கவில்லை என்று இன்னொரு தீர்ப்பு. 2019 தீர்ப்பை மட்டும் திறந்து படிப்பவர் அவர் விடுதலையாகி வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதானே நினைப்பார்? அந்தப் பக்கத்தின் தலையிலேயே “நிறைவேற்றப்படவில்லை” என்று எழுத வேண்டும். இதை ஒரு தொழில்நுட்பச் சிக்கல் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

மூன்றாவது, நீதிமன்றமே பின்வாங்கும் இடங்கள். சொந்த நாட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தும் அரசிடமிருந்து பணம் வராத உக்ரைன் மக்களின் 12,000க்கும் மேற்பட்ட மனுக்களை 2017இல் புர்மிச் வழக்கில் ஒரே முடிவில் பட்டியலிலிருந்து நீக்கி அமைச்சர்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டது. 10க்கு 7. அந்த ஏழு பேர் சேர்ந்து எழுதிய மாறுபட்ட கருத்தைப் படியுங்கள், என் கோபம் அவர்களிடமும் இருக்கிறது. 2014இல் பிரான்ஸின் முகத்திரைத் தடையை, சமூகத்தில் எல்லோரும் சேர்ந்து வாழ முகம் தெரிய வேண்டும் என்ற காரணத்தை ஏற்றுச் சரி என்றார்கள். அந்தந்த நாட்டின் முடிவுக்கு இடம் விட வேண்டும் என்ற கோட்பாடு தேவைதான், ஆனால் உடை விஷயத்தில் சிறுபான்மைப் பெண்களின் பக்கம் வரும்போது அந்த இடம் ரொம்பப் பெரிதாகிவிடுகிறது. டைரர் வழக்கில் ஊர் விருப்பத்தை மறுத்த நீதிமன்றம் இங்கே ஏன் அதற்குத் தலையாட்டியது என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

மொழியும் ஒரு தடை. பல தீர்ப்புகள் பிரெஞ்சில் மட்டும் இருக்கின்றன, முழுத் தீர்ப்பு இல்லாவிட்டாலும் சுருக்கம் ஆங்கிலத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் நீதிமன்றம் போட்டிருக்கும் வழக்குச் சட்ட வழிகாட்டிகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சந்தா கட்டி வாங்கும் புத்தகங்களுக்குச் சற்றும் குறைந்தவை இல்லை.

சட்ட மாணவர்கள், வக்கீல்கள், பத்திரிகையாளர்கள் இவர்களுக்கெல்லாம் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஐரோப்பாவில் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களோ அவர்கள் வீட்டாரோ இதைப் படிக்கிறீர்கள் என்றால், மார்க்கைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். உள்நாட்டுக் கடைசி முடிவிலிருந்து நான்கு மாதம்தான், 2022க்கு முன்பு இருந்த ஆறு மாதக் கணக்கை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டணம் கிடையாது, ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் மனுவை ஏற்க மாட்டார்கள், தபாலில்தான் அனுப்ப வேண்டும், உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழி ஒன்றில்தான் எழுத வேண்டும், தமிழில் எழுத முடியாது. என்.ஏ., ஆர்.ஜே. இரண்டு தீர்ப்பையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, காயத்துக்கான டாக்டர் சான்றிதழையும் சேர்த்துக்கொண்டு, இந்த வாரமே அங்கே ஒரு வக்கீலைப் பாருங்கள்.